இருபத்து மூன்று சென்ட்

பட்டாவில் இரண்டு ஏக்கர் பதினாலு.
சர்வேயர் மகுடேஸ்வரியின் கருவியில்
ஒன்று தொண்ணூற்றொன்று.
மிச்சத்தை நான் தின்றுவிட்டேனா?

புங்கமரத்துக் கல்லிலிருந்து
மறுபடி நடந்தோம், சாமைத்தாள் காலைக் குத்த.
அஞ்செட்டி வெயிலில் குடைபிடித்தபடி
திட்டத்து ஆள் சொன்னார்:
சாகுபடிப் பரப்புக்குத்தான் மானியம்,
வரப்புக்குக் கிடையாது.

எந்த வரப்பு, சார்?
முந்தின திட்டத்தில்
மண் ஓடாதிருக்க
நீங்களே போட்ட ஐந்து வரப்புகளா?

பேனாவை மூடினார். திறந்தார்.
மகுடேஸ்வரி டேப்பை இழுத்து
வரப்பின் அகலம் அளந்தார்,
அதன்மேல் நான் ஊன்றிய
அவரைக்கொடியை ஒதுக்கி ஒதுக்கி.

‘வரப்பிலும் சாகுபடி உண்டு.’
கையெழுத்து, தேதி.
பதினெட்டு சென்ட் திரும்பி வந்தது.

மீதி ஐந்தும் ஓடைக்குள் கிடக்கிறது.
அதற்கு மனு எழுத
இன்னும் தாள் வாங்கவில்லை.