மாதிரி எண் 41

ஜனவரி. பூசா ஆய்வுக்கூடத்து ஹீட்டருக்கு
என் வலது கால் மட்டும்தான் தெரியும்.
மேசையில் நாற்பத்தொன்றாவது பை:
நாலாயிரம் மீட்டர் உயரத்துப் புல்வெளி,
அரைக் கிலோ.

சலித்தேன். சல்லடையில் நின்றவை
கூழாங்கல், வேர்முடி,
காய்ந்த ஆட்டுப் புழுக்கை மூன்று.
அந்நியப் பொருள், அகற்றுக
என்கிறது கையேடு.

நனைத்துப் பிசைந்து
கட்டைவிரலால் நாடா இழுத்தால்
ஓர் அங்குலம் வருமுன் அறுகிறது.
மணற்சாரி. ஆழம் ஒரு சாண்,
அதன்கீழ் பாறை.
உழவுக்குத் தகாது.
ஆப்பிளுக்குத் தகாது.
விடுதி கட்ட என்ற கட்டத்தில்
யாரோ முன்பே
பென்சிலால் டிக் போட்டிருக்கிறார்கள்.

குறிஞ்சியா முல்லையா என்று கேட்க
இந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

பையின் அடியில் நோர்பு டுண்டுப் வைத்த சீட்டு,
கோணல் இந்தியில்:
"குழியை மூடிவிட்டேன் மேடம்.
வெட்டிய புல்லைத்
திசை மாறாமல் திரும்ப வைத்தேன்.
இருந்தும் ஆடுகள் கண்டுபிடித்துவிட்டன,
அந்த இடத்தைச் சுற்றிப் போகின்றன."

ரப்பரைத் தேடி எடுக்கச்
சற்று நேரமாயிற்று.
மேய்ச்சல், மேய்ச்சல் மட்டும்
என்று பேனாவில் எழுதினேன்.
மேலதிகாரி பச்சை மையில் என்ன செய்வாரோ.

அகற்றிய மூன்றையும்
டிஷ்யூவில் பொதிந்து முனிர்காவுக்குக் கொண்டுவந்து
பால்கனித் தொட்டியில் புதைத்தேன்.
தில்லிக் குளிரில் மொட்டையான கறிவேப்பிலை
இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.