ஆறா, ஏழா

காலையில் மாநிலம் பூட்டு போடச் சொன்னது.
போட்டேன்.
மதியம் இரண்டரைக்கு வாஷிங்டன் வந்து
அதற்குச் சாண் உயரத்தில் இன்னொன்று கேட்டது.
கதவில் முதல் துளையின் தூள்கூடத் துடைத்திருக்கவில்லை.

பாயூ லாரல் சேமிப்புக் கடன் சங்கம்,
லூசியானா, எண்பத்தாறு, ஆகஸ்ட்.
எண்ணெய் விலை விழுந்தது.
அதில் சாய்ந்திருந்த வீடுகள் விழுந்தன.
வீடுகளில் சாய்ந்திருந்தது இந்தக் கட்டடம்.
கட்டடம் மட்டும் நிற்கிறது, வெள்ளையடித்து.

மாநிலத்தின் ரிசீவர் தெரியோ சொன்னார்:
"உரிமம் தந்தது நாங்கள்.
சாவுச் சீட்டும் நாங்களே."
மத்திய ரிசீவர் திருமதி ஹோல்குவிஸ்ட்
பையிலிருந்து வேறொரு உத்தரவை எடுத்தார்:
"காப்பீடு எங்களுடையது. பிணமும்."
இரண்டு பேருக்கும் ரிசீவர் என்றுதான் பெயர்.
யார் காதிலும் எதுவும் விழவில்லை.

இறால் பிடிக்கிற உலிஸ் பாபினோ
பாஸ்புக்கைத் தொப்பிக்குள் வைத்திருந்தார்.
நனையாத இடம் அவருக்கு அது ஒன்றுதான்.
"எந்த வரிசை?" என்றார்.
இரண்டு மேசையும் ஒரே பதில் சொன்னது:
அந்த மேசை.

அவர் பின்னால் நான் நின்றேன்.
என் புத்தகத்தில் நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு டாலர்.
தவிர, பூட்டு போட்ட கூலி ரசீது இரண்டு.
ஒவ்வொன்றும்
மற்றவர் தரவேண்டியதாம்.

ஒன்பதாம் நாள் ஒடில் என் கடைக்கு வந்தாள்.
பதினாறு வருஷம் அங்கே காசாளர்.
வேலையைப் பற்றிப் பேசவில்லை. சம்பளப் பாக்கியையும்.
"மீனுக்கு யார் இரை போடுகிறார்கள்?"

முன்கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி உண்டு.
கடன் மறுக்கப்பட்டவர்கள்
சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.
மாநிலப் பட்டியலில் மீன் ஏழு.
மத்தியப் பட்டியலில் ஆறு,
ஜன்னலுக்கு வெளியே நின்று எண்ணியது.
அந்த ஒரு மீனுக்கு
வக்கீல்கள் பதினொரு பக்கம் எழுதினார்கள்.
ஒரு சிட்டிகை இரை போட ஆளில்லை.
போட்டால் தொட்டியை ஏற்றுக்கொண்டதாக ஆகுமாம்,
தொட்டியை ஏற்றால் கூடத்தை,
கூடத்தை ஏற்றால்
உலிஸின் தொப்பியை.

பூட்டு போட்டவன் கையை
எந்த நீதிமன்றமும் சீல் வைக்கவில்லை.
இரவு பத்தேகால்.
மேல் பூட்டு முனகியது, கீழ்ப் பூட்டு பேசாமல் திறந்தது.
தண்ணீர் பச்சையாகி, மோட்டார் நின்று,
கரன்ட் கட்டணம் யாருடையது என்ற வழக்கில்
அதுவும் சேர்ந்திருந்தது போல.

ஒடில் டப்பியைத் தட்டினாள்.
ஒன்று வந்தது. பிறகு இரண்டு.
பொம்மை முக்குளிப்பவனின் பின்னாலிருந்து இன்னொன்று,
வால் கிழிந்து.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
"எண்ணாதே," என்றாள்.
"இன்னும் கொஞ்சம் போடலாமா என்று மட்டும் பார்."

வெளியே வந்து
மேலே ஒன்று, கீழே ஒன்று, பூட்டினேன்.
தெருவிளக்கில் அவள் விரல்களை முகர்ந்து பார்த்து
பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

ரசீதுப் புத்தகத்தில் அந்தத் தேதிக்கு
எதுவும் இல்லை.