ஆறு புள்ளி எட்டு

கொச்சபாம்பா சந்தையில்
பீட்ரூட் விற்கிற தோன்யா பலெந்தினா கேட்கிறாள்:
"இவ்வளவும் சாலட்டுக்கா, சதுர்னினோ?"
மூன்று நோயாளிகளுக்கு என்கிறேன்.
சிரித்துக்கொண்டே ஒரு கிழங்கு கூடப் போடுகிறாள்.

ஆய்வுக்கூடப் படிப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு
ரத்தம் காய்ச்சுவது என் வேலை.
பீட்ரூட் சாறு, கொஞ்சம் கிளிசரின்.
உறையாமலிருக்க எதுவும் சேர்ப்பதில்லை;
அதற்கு உறையத் தெரியாது.
ரப்பர் கையில் நரம்பு ஏழு இடத்தில் ஒழுகுகிறது.
சைக்கிள் டியூபுக்கு ஒட்டுவதையே ஒட்டியிருக்கிறேன்.

இன்னொரு வேலையும் உண்டு, சம்பளமில்லாமல்:
சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
போனில் டாக்டராக இருப்பது.
காகிதத்தில் எழுதித் தந்திருக்கிறார்கள்.
களைத்திருக்க வேண்டும்.
எரிந்து விழ வேண்டும்.
பாதியில் வைத்துவிட வேண்டும்.
வீட்டில் இல்லாத குணம்,
இங்கே நன்றாக வருகிறது.

செவ்வாய்க்கிழமை நெலிதா அழைத்தாள்.
"டாக்டர், பதினான்காம் படுக்கை, பொட்டாசியம்..."
"நாளைக்குச் சொல்."
"மன்னிக்கணும் டாக்டர்."
அவளே வைத்துவிட்டாள்.
நாலு பத்துக்குத் திரையில் கோடு நேரானது.
பதினான்காம் படுக்கைக்கு முகமில்லை.
எலேனா மாமானி, வயது நாற்பத்தொன்று,
அவ்வளவுதான்.
சுவர் மெல்லியது.
அந்தப் பக்கம் யாரோ மூக்குச் சிந்தினார்கள்.

வெள்ளிக்கிழமை மறுபடி அதே எலேனா,
செத்ததை மறந்து வந்து படுத்திருந்தாள்.
நெலிதா குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருக்கிறாள்.
சீரத்தில் சிவப்பு இல்லை, வைக்கோல் நிறம்
(நான் போட்ட சாமந்திப்பூத் தேநீர்),
உடைந்த அணுக்கள்மேல் பழிபோட வழியில்லை.

போன் அடித்தது.
"வேலையாக இருக்கிறேன்."
"நானும்தான் டாக்டர்."

இது காகிதத்தில் இல்லை.
வைத்தேன். அடித்தது.
வைத்தேன்.
அடித்தது.

குரல்தான் நடுங்கியது, சொல் நடுங்கவில்லை:
"பொட்டாசியம் ஆறு புள்ளி எட்டு.
எண்ணைத் திருப்பிச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.
உங்கள் பெயரையும்."

பெயரா?
அந்த டாக்டருக்கு யாரும் பெயர் வைத்திருக்கவில்லை.
"ஆறு புள்ளி எட்டு" என்றேன்.
பிறகு, வேறு எதுவும் வாயில் வராமல்,
"சதுர்னினோ கொல்கே."

எழுதும் சத்தம் சுவர் வழியே கேட்டது.
என் பெயரை யாரோ இவ்வளவு அக்கறையாய் எழுதி
ரொம்ப நாளாகிறது.

எலேனாவின் கோடு ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருக்க
கை கழுவப் போனேன்.
நகக்கண்ணில் சிவப்பு போகவில்லை.
திங்கட்கிழமை இருபது பேர் வருகிறார்களாம்.
இரண்டு கிலோ போதாது.