ஒரு நாக்கின் அகலம்

சனிக்கிழமை ஆறரைக்கே
கேஸ்பரிலிருந்து கிளம்பிவிட்டோம்.
வெல்டாவின் பழைய காரில் நால்வர்.
ஒரே ஃபிளாஸ்க் காபி, மூடி தொலைந்தது.
வளைவு வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தி
அதை மடியில் இறுக்கிக்கொள்வாள்,
ஊசி போடக் கொண்டுபோகும் பூனையைப் போல.

குளிர்காலம் முழுக்கச் சாலையில் கொட்டிய உப்பு
கார் முழுக்கப் பூத்திருந்தது.
"கழுவினால் என்ன?" என்றாள் ஜோஸ்லின்.
"ஏப்ரலில் இன்னொரு பனி வரும்."
வெல்டா எதையும் இரண்டு முறை செய்பவளல்ல,
கல்யாணத்தைத் தவிர.

சரணாலயத்துக்குப் பெயர்ப்பலகை இல்லை.
ஒரு டிராக்டர் டயர்,
அதில் வெள்ளைப் பெயிண்டில் அம்புக்குறி.
தாடியில் வைக்கோலோடு ஹாலிஸ் வந்தார்.
கை குலுக்கவில்லை. விதிகளைச் சொன்னார்:
கூப்பிடக் கூடாது. கை நீட்டக் கூடாது. ஆப்பிள் கூடாது.
வந்தால் வரும்.
வராவிட்டால் இருபது டாலர் திரும்பாது.

முந்நூற்றுப் பன்னிரண்டு குதிரைகள் என்றார்.
நாங்கள் கண்டது
முந்நூற்றுப் பன்னிரண்டு குதிரைகளின் சாணம்,
முட்டளவு சாம்பல்பச்சைப் புதர்,
இரண்டையும் பாரபட்சமின்றி வருடிப்போகும் காற்று.
ஒரு மணி நேரத்தில் காதுமடல் மரத்தது.
வேலையை விடப்போவதாக ஜோஸ்லின் அறிவித்தாள்,
மூன்றாவது வருடமாக.
மூன்றாவது வருடமாக நாங்கள் ஆச்சரியப்பட்டோம்.

பிறகு மேட்டுக்குப் பின்னால்
மண்ணே கொஞ்சம் இடம் மாறியதுபோல் இருந்தது.
ஓடி வரவில்லை. பிடரி பறக்கவில்லை.
காலண்டரில் செய்யும் எதையும் செய்யவில்லை.
சம்பள நாளில் வங்கிக்குள் நுழைபவர்கள்போல்
ஒன்றன்பின் ஒன்றாக,
வயிற்றில் காய்ந்த சேற்றோடு.
ஒன்றுக்கு ஒரு கண் பாலாய் வெளுத்திருந்தது.

செந்நிறப் பெட்டைக் குதிரை ஒன்று
எங்களைக் கடந்து காரிடம் போனது.
முகர்ந்தது.
பின்கதவை நக்கத் தொடங்கியது.
ஈரத் துணியைச் சுவரில் இழுக்கும் சத்தம்.
நூற்று நாற்பது மைல் தாண்டி நாங்கள் வந்தது
எங்கள் உப்பை அதனிடம் சேர்க்கத்தான் போலும்.
ஜோஸ்லின் சிரிப்பைக் கையுறைக்குள் கடித்தாள்.

அதன் கழுத்தில், இடப்பக்கம்,
வெள்ளை மயிரில் வரிசையாய்க் குறிகள்:
கோணங்கள், கோடுகள்,
ஒரு சிறுவன் தீக்குச்சி அடுக்கி விளையாடியதுபோல்.
"என்ன எழுத்து இது?"
ஹாலிஸ் வாய் திறக்குமுன் ரூத்தான் படித்தாள்,
கடை ரசீதை வாசிப்பதுபோல்.
"அரசாங்கச் சொத்து.
பிறந்தது இரண்டாயிரத்து ஒன்பது.
மீதி அதன் எண்.
இரும்பை உறையவைத்து அழுத்துவார்கள்.
அதற்குப் பிறகு அங்கே
வெள்ளையாய்த்தான் முளைக்கும்."

பதினாறு வருடம் எதிரெதிர் மேசை எங்களுக்கு.
அவள் அப்பா லாரி ஓட்டினார் என்று தெரியும்.
என்ன ஏற்றினார் என்று கேட்டதில்லை.

"ஹெலிகாப்டர் விரட்டிக்கொண்டு வரும்.
கேட்டை நான் பிடித்திருப்பேன்.
பன்னிரண்டு வயது.
அவை உள்ளே வந்ததும் சாத்த வேண்டும், அவ்வளவுதான்.
குதிரைக்கு ஒரு டாலர்."
கொஞ்ச நேரம் கழித்து,
"சைக்கிள் வாங்கினேன்."
"என்ன கலர்?" என்றாள் வெல்டா.
"பச்சை."

வேறு எதையாவது கேட்டிருக்கலாம்.
ஆனால் அந்த ஒரு கேள்விக்குத்தான்
அங்கே பதில் இருந்தது.

பெட்டை நக்கிக்கொண்டேயிருந்தது.
ரூத்தான் கையுறைகளைக் கழற்றிப் பையில் திணித்து
வெறுங்கையோடு நின்றாள்.
நீட்டவில்லை.
விதிக்குப் பயந்து அல்ல என்று நினைக்கிறேன்.
அவள் விரல்கள் சிவந்து, பிறகு வெளுத்தன.
ஹாலிஸ் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அவை போன பிறகு பார்த்தோம்:
அழுக்கு வெள்ளைக்கு நடுவே,
ஒரு நாக்கின் அகலத்துக்கு, நீலம்.
அந்தக் காரின் நிறத்தை
அதன் சொந்தக்காரியே மறந்திருந்தாள்.
ரூத்தான் அந்தக் கதவைத் தொடாமல்
பின்பக்கம் சுற்றிவந்து ஏறினாள்.

வழியில் பெட்ரோல் போட்டபோது
கார் கழுவ அரை விலைக் கூப்பன் நீட்டினான் பையன்.
"ஏப்ரலில் இன்னொரு பனி வரும்" என்றாள் வெல்டா,
மீதிச் சில்லறையை எண்ணியபடி.

ஃபிளாஸ்க் எப்போதோ காலி.
ரூத்தான் அதை மடியில் வைத்திருந்தாள்,
வளைவே இல்லாத சாலையிலும்
இரண்டு கையாலும் பிடித்தபடி.