நடுக்கோடு

நிலாவெளிக்குப் பின்னால், களப்பு வற்றிய தரையில்
அளவுச் சில்லை உருட்டிக்கொண்டு நடக்கிறேன்.
மீற்றருக்கு ஒரு டிக்.
ஆடி மாதம். கச்சான் காற்று
என் தொப்பியை இரண்டுதரம் கடலுக்கு அனுப்பப் பார்த்தது.

காசு போடுகிற நஜிமுதீனுக்கு மூன்று கிலோமீற்றர் வேண்டும்.
"பெரிசா இருக்கோணும் மிஸ்,
கொழும்பிலயிருந்தெல்லாம் வாறாங்கள்."
மூன்று என்றால்
மேற்கே வன இலாகாவின் மஞ்சள் கட்டை,
தெற்கே சுடலை,
இரண்டையும் கேளாமல் தாண்டவேண்டும்.
கட்டை வழக்குப் போடும்.
சுடலை போடாது; அதனால்தான் அதிகம் யோசித்தேன்.

தவிர, பனங்கூடலுக்குள் போனவன்
திரும்பி வருவதற்குள்
சனம் ஒரு சுருள் கச்சானை உடைத்து முடித்துவிடும்.
புழுதி பார்க்கவா ரிக்கற்?

துசிகரன் சொல்கிறான், நானூறு காணுமாம்.
பள்ளிக்கூட மைதானம் மாதிரி, எல்லாம் தெரியுமாம்.
தெரியும்தான்.
இருபத்தைந்து செக்கனில் வந்து நிற்பவனை
யார் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள்?
போனால்தானே வருவதற்கு.
இருபது பேரை விட்டால்
மூன்றாம் நிமிடத்தில் வால் தலையைக் கவ்விவிடும்.
கடைசி ஆள் முதல் ஆளுக்கு முன்னால் ஓடுவான்.
சனம் அவனுக்கே கைதட்டும்.
(எனக்குப் பிடித்த பிழை அது.
அவர்களிடம் சொல்லவில்லை.)

பின்னேரம் துசிகரனை ஒருதரம் சுற்றிவரச் சொல்லிவிட்டு
கண்ணை மூடிக்கொண்டேன், கையில் கடிகாரம்.
சத்தம் காற்றோடு போய்த் தேய்ந்தது.
ஐம்பதாம் செக்கனில் இமை துடித்தது.
அறுபதில் கோபம்.
அறுபத்தெட்டில் கண் தானாய்த் திறந்தது.
அதற்கு மேல் இருந்தது வேறொன்று,
அதற்கு நான் ரிக்கற் விற்கமாட்டேன்.

அறுபத்தெட்டுச் செக்கன்,
அவன் ஓடுகிற ஓட்டத்துக்கு
ஆயிரத்து நூற்றி நாற்பது மீற்றர்.
அம்புலன்ஸ்காரர் தலையாட்டினார்.
நஜிமுதீன் ஆட்டவில்லை, கையெழுத்து மட்டும் போட்டார்.

நடுக்கோட்டுக்குச் சுண்ணாம்பு தூவினோம்.

போட்டியன்று ஒருவனும் அதில் ஓடவில்லை.
எல்லாரும் உள்வளைவை நக்கிக்கொண்டு போனார்கள்,
மூன்றாம் சுற்றில் சுண்ணாம்பே இல்லை.
"என்ர மீற்றரில ஆயிரத்துத் தொண்ணூறுதானே காட்டுது மிஸ்!"
ஓம் என்றேன். அப்படித்தான் காட்டும்.
நான் அளந்தது சில்லு படாத ஒரு கோட்டை.

மூதூர்ப் பெடியன் ஒருவனுக்கு
பத்தாம் சுற்றில் செயின் அறுந்தது.
பால் கான் கட்டுகிற கொளுக்கி இன்னும் கழற்றாத சைக்கிள்,
மோட்டர் சூட்டில் புகைந்துகொண்டு.
வெளிக்கரையோடு தள்ளிக்கொண்டே வந்தான்,
மற்றவர்களுக்கு வழிவிட்டு விட்டு.
பரிசு கொடுத்து, ஒலிபெருக்கி கழற்றி,
கச்சான்காரி சாக்கை உதறும்போதுதான்
கோட்டைத் தாண்டினான்.

இருட்ட முன்னம்
அவன் செருப்புத் தடத்தில் சில்லை உருட்டினேன்.
ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று.
கொப்பியில் அதற்கு நிரல் இல்லை.
ஓரத்தில், பென்சிலால் எழுதினேன்.