ஆறாவது பெயர்

நாளைக் காலை பத்து மணிக்குள் ஆறு பெயர்.
தட்டுவடை மடித்து வந்த காகிதத்தில்
எண்ணெய் இறங்காத பக்கமாகப் பார்த்து எழுதுகிறேன்.
அம்மாபேட்டை வண்டிக்கடையில்
எனக்கு முன்பே எல்லாரும் எழுதி முடித்துவிட்டார்கள்.
'ஓசூர் மஞ்சுநாதன்தான், வேற பேச்சே இல்ல'
என்றார் நொறுக்கலுக்குச் சட்னி ஊற்றுகிறவர்.
சைக்கிளே ஓட்டத் தெரியாது அவருக்கு.
போன வருடம் அவர் சொன்னதுதான் நடந்தது.

ஐந்து நாள்.
முதல் நாள் மேட்டூர்வரை சமதளம்,
அணைப்பக்கத்துக் காற்று மட்டும் குறுக்கே.
இரண்டாம் நாள் கொல்லிமலை, எழுபது வளைவு.
மூன்றாம் நாள் ஆளுக்கொருவராகக் கடிகாரத்தோடு.
நான்காம் நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை,
பந்தயம் தொலைவது பெரும்பாலும் அன்றைக்குத்தான்.
ஐந்தாம் நாள் நம்ம மலை.

மஞ்சுநாதன் ஏறுவான். வெயில் ஆகாது.
ஓசூர்க் குளிரில் வளர்ந்த உடம்பு
ஆத்தூர்ச் சாலையில் மதியம் இரண்டு மணிக்கு
என்ன சொல்லும் என்று பார்க்க வேண்டும்.
கோவை அணிக்கு இரண்டு தலைவர்கள்,
அதாவது ஒருவரும் இல்லை.
திருச்சிக்காரர்கள் புதுச் சக்கரம் வாங்கியிருக்கிறார்கள்.
வாங்கட்டும்.

நம்ம பக்கம்
நாகலூர் ஜெரால்டு. பள்ளிக்கூடத்துக்கு இறங்கிப் போய்
வீட்டுக்கு ஏறி வந்தவன்.
மற்ற ஐந்து பேரும் அவனுக்காக.
காற்றுக்கு முன்னால் தீர்த்தகிரி,
உருக்காலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு
நூறு கிலோமீட்டர் மிதிக்கிறவன்.
இறக்கத்துக்கு மாதையன். பயத்தை அவனுக்கு
யாரும் அறிமுகம் செய்து வைக்கவில்லை.
கடைசி இருநூறு மீட்டர் வந்தால் முனாஃப்.
லோகு எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது,
அவன் இருந்தால் அறையில் சண்டை வராது.

ஆறாவது.

மிதுனுக்குப் பத்தொன்பது வயது.
போன ஞாயிறு அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏரிவரை
ஐம்பத்தெட்டு நிமிடம்.
எனக்கு அறுபத்தாறு. அதில் இரண்டு
பதினாலாவது வளைவில்
குரங்கு பார்ப்பதுபோல் நின்றது.
தேர்வாளன் நான். கேப்டன் நான்.
முப்பத்தாறு வயது முழங்காலும் நான்தான்.

ஆனால் மிதுனுக்குத் திரும்பிப் பார்க்கத் தெரியாது.
ஜெரால்டுக்குப் பங்ச்சர் ஆனால்
தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பானா?
கேட்டேன். 'குடுப்பேண்ணா' என்றான்.
சொல்லும்போது மலையைப் பார்த்தான்.
இது காரணமா,
காரணம் வேண்டுமென்று நான் தேடிப்போய் எடுத்ததா?

மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்ததில்
காகிதம் அங்கே கிழிந்துவிட்டது.
கிழிசலுக்குப் பக்கத்தில் என் பெயர்.
பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாகக் கடைசி வரியில்,
எதிரே 'தண்ணீர்' என்று.
வண்டிவரை பின்வாங்கி
முதுகுப் பையில் பாட்டில் அடைத்துக்கொண்டு
மறுபடி முன்னால் போகிற வேலை.
அதற்கு ஐம்பத்தெட்டு நிமிடம் தேவையில்லை
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

என் கணிப்பு: ஜெரால்டு மூன்றாவது.
வெளியே கேட்டால் முதலாவது.

பத்தே முக்காலுக்குப் பட்டியலை அனுப்பினேன்.
நீலம் விழுந்தது.
மிதுன் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது,
நின்றது, மறுபடி காட்டியது.
வயசு, அனுபவம், அடுத்த வருஷம் என்று
பதில்களைத் தயார் செய்துவைத்தேன்.
வந்தது இதுதான்:
'ஒம்பதாவது வளைவுல மணல் கொட்டியிருக்குண்ணா.
உள்பக்கம் வராதீங்க.'

இன்று ஓய்வு நாள்,
யாரும் மலைப்பக்கம் போகக் கூடாது என்று
நான்தான் சொல்லியிருந்தேன்.

பத்து மணிக்கு
இன்னும் பதினோரு மணி நேரம் இருக்கிறது.