கேட் அடைத்திருந்த நேரம்

நீடாமங்கலம். உரக்கடை மாடி.
கீழே பொட்டாஷ் மூட்டை இறங்குகிறது.
மேலே நான் ஒரு கல்யாணத்தைத் திறந்து வைத்திருக்கிறேன்:
மூன்று கேமரா, நானூற்றுப் பன்னிரண்டு துண்டு.

பெண் இளவரசி போனில் சொன்னாள்,
"அண்ணன் வர்றத தாலிக்கு முன்னாடி வச்சிடுங்க.
பாக்குறவங்களுக்குத் தெரிய வேணாம்."

தோஹாவில் ஏறித் திருச்சியில் இறங்கி
தஞ்சாவூர் தாண்டும்வரை சரியாகத்தான் வந்திருக்கிறார்.
மண்டபத்துக்கு அரைக் கிலோமீட்டர் இருக்க, ரயில்வே கேட்.
எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.
எங்கள் ஊரில் அதற்கு யாரும் வருத்தம் தெரிவிப்பதில்லை.
முகூர்த்தம் ஏழரைக்குள்.

தூக்கினேன்,
அவர் வாசலில் நுழையும் பதினொரு நொடியை.
மவுஸ் நுனியில் டிராலிப் பையோடு தொங்கினார்.
தாலிக்கு இடப்பக்கம் விட்டேன்.
மற்றதெல்லாம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தது,
பந்தியில் பிந்தி வந்தவருக்குக் கொடுப்பது மாதிரி.

ஓட்டிப் பார்த்தேன். ஒட்டவில்லை.
அவர் காலடியில் கம்பளமெங்கும் மஞ்சள் அரிசி.
கட்டாத தாலிக்கு யார் தூவியது?
பெரிதாக்கி, இடுப்புக்குக் கீழே நறுக்கினேன்.
கால் இல்லாமல் வந்தார்,
நேரத்துக்கு வந்தார்.

அடுத்து அவள்.
மாப்பிள்ளை கை கழுத்துக்குப் பின்னால் போகும்போது
அவள் கண் வாசலுக்குப் போகிறது.
அண்ணன்தான் வந்தாயிற்றே,
இன்னும் யாரை?
பதினான்கு ஃப்ரேம். அரை நொடிக்குக் கொஞ்சம் மேல்.
அதையும் எடுத்தேன்.

இரவு பத்தரைக்கு வேறொரு நம்பர்.
"மதியழகன் பேசுறேன், பொண்ணோட அண்ணன்.
கேட்டுல நிக்கிறப்ப போன்ல எடுத்தது ஒண்ணு இருக்கு.
சேக்க முடியுமா? முடியலன்னா பரவால்ல."

ஏழு நிமிடம்.
வேகன், வேகன், ஒரு மொபெட்டில் வாழைத்தார், வேகன்.
"குனிஞ்சு பூந்துடலாம் சார்" என்கிறது ஒரு குரல்.
கேமரா ஒரு தரம் குனிந்து, நிமிர்ந்துவிடுகிறது.
கடைசியில் ஹாரன்.

அந்த ஹாரனை எனக்குத் தெரியும்.
கெட்டிமேளத்துக்கு நடுவில் மண்டபத்து மைக்கிலும் விழுந்திருக்கிறது,
தவில் அலைக்கு மேல் ஒற்றை முள்ளாக.
மதியம்தான் தேய்த்து அடக்கியிருந்தேன்.

இரண்டு முள்ளையும் ஒரே கோட்டில் நிறுத்தினேன்.
மேல் ட்ராக்கில் நாத்தனார் மூன்றாவது முடிச்சு போடுகிறாள்.
கீழ் ட்ராக்கில் அவர்
கேட்டுக்கு அந்தப் பக்கம்.

மேலே கல்யாணம் மூடிக்கொண்டிருப்பதால்
கீழே ஓடும் ரயில் படத்தில் வராது.
பென்டிரைவ் வாங்கிப் போகிறவர்களுக்குத் தெரியாது.
அழிக்காமல் சேவ் செய்தேன்.

ஹாரனை மட்டும்
பழைய அளவுக்கே ஏற்றிவிட்டேன்.